ரெண்டு வாட்டி கேக்கணும்

என் மகளின் கல்யாண வீடியோவில் ஒரு காட்சி உண்டு. சாம்பார் வாளியைக் கையில் பிடித்தபடி ஒருவர் நிற்கிறார். எதிரே யாரோ பேச, அவர் தலையாட்டிக்கொண்டே இருக்கிறார். பேசுகிறவர் காட்சியில் இல்லை. குரலும் இல்லை. குரலுக்குப் பதில் நாதஸ்வரம் ஓடுகிறது. பார்க்கிற உறவினர்கள், "யாருக்கு இந்த ஆளு இவ்ளோ தலையாட்டறாரு?" என்று சிரிப்பார்கள். நானும் கூடச் சிரித்துவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவேன்.

பேசியது நான்தான். பேசினேன் என்பதும் சரியில்லை. மாப்பிள்ளை வீட்டார் பந்திக்குச் சாம்பார் வரத் தாமதமாகிவிட்டது என்று, அத்தனை பேர் நடுவில் அவரை வாடா போடா என்று திட்டினேன். அவருக்கு என்னைவிட வயது அதிகம்.

எங்கள் பக்கத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர்கள், எடுத்ததையெல்லாம் வெட்டி ஒட்டுவதற்கு முன் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவார்கள். இது இருக்கட்டும், அது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாம். காசு கொடுப்பவர் சொல்வதுதான் முடிவு. நானும் அப்படி நினைத்துத்தான் சின்னசேலத்துக்குப் போனேன். ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில், உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஸ்டுடியோ. படியேறும்போது உர வாடையும் நம்மோடு ஏறி வரும். அங்கே டிவி பெட்டிக்கு முன்னால் என்னை உட்காரவைத்தவர் ஒரு பெண். குள்ளமான உருவம். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, அதன் பை நிறைய பேட்டரி. ஊரே அவரை வீடியோக்காரம்மா என்றது.

நான் திட்டுகிற இடம் வந்ததும் நிறுத்தினார்.

"சார், இது இருக்கலாமா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "எடுத்துடும்மா" என்றேன்.

"எடுத்துடறேங்க. ஆனா ஒரு சிக்கல். பரிமாறுன அந்தண்ணன் நேத்து வந்து பாத்துட்டு, இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

"அவரை எதுக்குக் கூப்பிட்டே? காசு குடுக்கறது நான்."

"காசு உங்களுது சார். மூஞ்சி அவருது."

கோபம் வந்தது. திட்டு வாங்கியதை எவனாவது இருக்கட்டும் என்பானா என்று கேட்டேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எத்தினியோ கல்யாணத்துல பரிமாறியிருக்காராம். எல்லா வீடியோவுலயும் அவரு கையி மட்டும்தான் வருமாம். மூஞ்சி வந்தது இதான் மொத வாட்டியாம். நான் இன்னா சார் பண்ணட்டும்?"

கடைசியில் என் உருவத்தையும் குரலையும் எடுத்தார். பரிமாறியவர் முகத்தை வைத்தார். அதனால்தான் அந்த மனிதர் இன்றைக்கும் யாருமில்லாத இடத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்கிறார். என் அவமானத்தை எடுக்கச் சொன்னேன், எடுத்தார். இதை முதலில் எழுதிவைக்கிறேன். பின்னால் நடந்ததற்கு இது தேவைப்படும்.

வீடியோக்காரம்மா கூலி வேலை செய்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். பிளஸ் டூ முடித்துவிட்டுச் சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்து கேமரா பழகினார். பெண் என்பதால் மணமகள் அறைக்குள் தடையில்லாமல் போகலாம். அதற்காகவே கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் அவரைத் தேடிவந்து கூப்பிட்டார்கள். முகம் வருகிற எல்லோரையும் அவர் கேட்பதால், கூப்பிட்டவர்கள் கொஞ்சம் சங்கடப்படவும் செய்தார்கள். ஒருமுறை நான் ஸ்டுடியோ மாடியில் இருந்தபோது, புதுப்பெண் ஒருத்தி தன் நாத்தனார் வருகிற இடமெல்லாம் எடுத்துவிடச் சொல்லி அடம்பிடித்தாள்.

"அவங்களையே வந்து சொல்லச் சொல்லு. எடுத்துடறேன்" என்றார் வீடியோக்காரம்மா.

"அது வந்து எப்பிடிக்கா சொல்லும்? அதுதான் எல்லாத்துலயும் முன்னாடி வந்து நிக்குதே!"

"அப்ப நிக்கட்டும். நீ வேணா உன்ன எடுக்கச் சொல்லு, எடுத்துடறேன்."

"என்ன எடுத்துட்டா கல்யாணம் யாருக்குக்கா?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. வீடியோ எடுப்பவர்களுக்கு அது வேலையில்லாத காலம். அவருக்கு அதுதான் வேலைக் காலம். தை, மாசியில் சம்பாதித்ததை வைத்துக்கொண்டு கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளித் தோல் சீவும் பெண்களை ஒரு ஆடியில் எடுத்தார். வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு கேரளா எஸ்டேட்டுக்குப் போகிறவர்களை ஒரு மார்கழியில் எடுத்தார். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. எடுத்ததைப் போடவும் பெரிதாக இடமில்லை. பள்ளிக்கூடம், சங்கக் கூட்டம், சர்ச் ஹால் என்று கிடைத்த இடத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் போட்டுக் காட்டுவார்.

நான் அரசுக் கலைக்கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். நைனார்பாளையம் பக்கம் கொஞ்சம் நிலமும் உண்டு. மகள் கல்யாணத்தில் தொடங்கிய பழக்கத்தில், அவர் படங்களுக்குப் பின்னணி உரை எழுதிப் படித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். பாடம் நடத்துவது நின்றுபோன எனக்கு, இருட்டில் என் குரல் ஒலிக்க ஜனங்கள் மௌனமாகக் கேட்பது பிடித்திருந்தது. இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கல்யாண வீட்டு வழக்கத்தை அவர் இந்தப் படங்களுக்கும் கொண்டுவந்துவிட்டார். படம் முடிந்ததும் வெளியே போடமாட்டார். அதில் முகம் வருகிற ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், அவர்கள் வருகிற இடத்தைக் காட்டி, "இருக்கலாமா?" என்று கேட்பார். வேண்டாம் என்றால் அங்கேயே எடுத்துவிடுவார். மரவள்ளிப் படத்தில் ஒரு பெண் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவள் சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரிப்பார். அதைப்போல ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. அந்தப் பெண், "புருசன் செத்து வருசம் திரும்பல. சிரிக்கறேன்னு ஊர்ல பேசுவாங்க, எடுத்துடுக்கா" என்று சொன்னார். எடுத்துவிட்டார்.

"படமே அதுலதான்மா இருந்தது" என்று சண்டைக்குப் போனேன்.

"கல்யாண வூட்டுக்காரங்க சொன்னா எடுக்கறோமில்ல சார்? இவங்க சொன்னா மட்டும் ஏன் எடுக்கக் கூடாது? கூலிக்காரங்கன்னா?"

"ஜனங்க நல்லதுக்குத்தானே எடுக்கறோம்?"

"நல்லதுதான். அதையும் கேட்டுட்டே பண்ணுவோமே."

ஊரில் இதை வைத்துக் கேலி செய்வார்கள். டீக்கடையில் ஒருவர், "இன்னாம்மா, படத்துல ஆடு வருதே, ஆட்டைக் கேட்டியா?" என்பார். "ஆட்டுக்காரரைக் கேட்டுட்டேன்ணா. நீங்க டீ குடிக்கறதும் வருது. உங்க கடன் பாக்கிய டீக்கடைக்காரரு கேக்கறதும் வருது. இருக்கலாமா?" என்பார் வீடியோக்காரம்மா. கடையே சிரிக்கும்.

இப்படிக் கேட்பதில் இன்னொரு விதியும் வைத்திருந்தார். ரெண்டு வாட்டி கேக்கணும் என்பார். பார்த்து முடித்ததும் ஒருமுறை. பிறகு அவர்கள் கொடுக்கிற தண்ணியோ காப்பியோ குடித்து, மழையைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றிப் பேசிவிட்டு, கிளம்பும்போது இன்னொரு முறை.

"எதுக்கும்மா, ஒரு தடவை சொன்னா போதாதா?"

"போதாது சார். வூட்டுக்கு வந்தவங்ககிட்ட யாரு மொத வாட்டியே வேணாம்னு சொல்லுவாங்க? மொத வாட்டி சொல்றது நமக்காக. ரெண்டாவது வாட்டி சொல்றதுதான் அவங்களுக்காக."

இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து உள்ளே நடந்து போகவேண்டிய ஒரு சிற்றூருக்கு அப்போது சாலை இல்லை. பிரசவ வலி கண்டால் மூங்கிலில் டோலி கட்டித் தூக்கிக்கொண்டுதான் இறங்கவேண்டும். அதைப் படமாக எடுக்க வீடியோக்காரம்மா இரண்டு மார்கழி மலையேறினார். இறங்கும் வழியிலேயே குழந்தையைப் பறிகொடுத்த ஒரு பெண், தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அன்று நடந்ததைச் சொன்னார். சொல்லிக்கொண்டு வரும்போது, தன் வீட்டு ஆள் ஒருவரைப் பற்றியும் இரண்டு வாக்கியம் சொன்னார். அது என்ன என்பதை எழுதமாட்டேன். அந்த இரண்டு வாக்கியம் இல்லாவிட்டால் அது சாலை இல்லாத ஊரின் கதை. இருந்தால், கேட்கிறவருக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

மார்கழியில் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டபத்தைப் பேசிப் படத்தைத் திரையிட ஏற்பாடு செய்தேன். சாலைக்கு உத்தரவு வாங்கித் தரக்கூடிய இடத்தில் என் பழைய மாணவர் ஒருவர் இருந்தார். அவர் வருவதாக ஒப்புக்கொண்டார். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மலைச் சரிவில் வழுக்கி விழுந்து வீடியோக்காரம்மாவுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. எல்லோரிடமும் கேட்டாயிற்று, அந்தப் பெண்ணிடம் மட்டும் கேட்கவேண்டும். மாவுக்கட்டோடு கிளம்பத் தயாரானார். நான்தான் தடுத்து, லேப்டாப்பை வாங்கிக்கொண்டு மலைக்குப் போனேன்.

அந்தப் பெண் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மகள், பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது, பறக்கிற உமியைக் கையால் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. வீட்டில் மற்றவர்கள் காட்டுக்குப் போயிருந்தார்கள். உரல் மேல் லேப்டாப்பை வைத்துப் போட்டுக் காட்டினேன். பார்த்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"இருக்கலாமாம்மா?"

"உங்க இஷ்டம் சாமி."

உள்ளே போய் வெல்லம் போட்ட வரக்காப்பி கொண்டுவந்தார். குடித்தேன். மழை, சாமை விலை, பெண்ணின் படிப்பு எல்லாம் பேசினோம். எழுந்தபோது, வீடியோக்காரம்மாவின் விதிக்காக இரண்டாவது முறையும் கேட்டேன்.

"அத எடுத்துடுங்க சாமி. அந்த ரெண்டு பேச்ச மட்டும். நான் இந்த வூட்லதான் இருக்கணும். இதுவும் இங்கதான் வளரணும்."

"அது இருந்தாத்தான்மா ரோடு வரும்."

"ரோடு வந்தா எல்லாருக்கும் வரும். பேச்சு எனக்குத்தானே வரும்?"

"சரிம்மா" என்றேன். சொன்னபடி செய்திருக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் உட்கார்ந்து வேறு கணக்குப் போட்டேன். இவளுக்கு விவரம் போதாது. ஒரு வீட்டுச் சங்கடத்துக்காக ஓர் ஊரே டோலியில் இறங்கிக்கொண்டிருக்க வேண்டுமா? தலைமுறை தலைமுறையாக, நிலத்தில் வேலை செய்த ஆட்களுக்கு நல்லது கெட்டது முடிவு செய்த குடும்பம் எங்களுடையது. படிப்பு அந்தப் பழக்கத்தை மாற்றவில்லை. அதற்கு நல்ல வார்த்தைகளைக் கொடுத்தது. கச்சிராயபாளையம் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

மாடியில் வீடியோக்காரம்மா காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சார் சொல்லிச்சி?"

"இருக்கட்டும்னு சொல்லிச்சும்மா."

"காப்பி குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"குடிச்சிட்டுக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"ரெண்டு வாட்டியும் இருக்கட்டும்னு சொல்லிச்சா?"

"ரெண்டு வாட்டியும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். என்னைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவில்லை. எனக்குக் குரல் நடுங்கக்கூட இல்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. அந்த இரண்டு வாக்கியம் வந்தபோது யாரும் இருமவில்லை. என் மாணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் மேடையேறி நீண்ட நேரம் பேசினேன். கூட்டத்தில் யாரோ அந்த இடத்தைச் செல்போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார்கள். சாலை இல்லாத ஊருக்கு அது எங்கள் எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

தை பிறந்த பிறகு ஒருநாள் காலை. நான் ஸ்டுடியோ மாடியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து ஒருவர் படியேறி வந்தார். அந்தப் பெண்ணின் அண்ணன். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எங்க தங்கச்சிய வூட்ட வுட்டு அனுப்பிட்டாங்க. டவுன்ல ஆளுங்கள வச்சி எங்க மானத்த வாங்கிட்டா, இனிமே படியேறக் கூடாதுன்னுட்டாங்க. பொண்ண மட்டும் புடிச்சி வச்சிக்கினாங்க. புள்ள அங்க அழுவுது, தங்கச்சி எங்க வூட்ல அழுவுது. வேணாம்னு சொன்னேன்னு எந்தங்கச்சி சத்தியம் பண்ணுது. வேணாம்னு சொன்னத ஏம்மா போட்ட?"

வீடியோக்காரம்மா என்னைப் பார்த்தார். நான் காப்பி டம்ளரைப் பார்த்தேன். அவ்வளவுதான், அவருக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, தப்பு எங்களுது. நீங்க போங்க. நான் வரேன்" என்று அவரை அனுப்பினார். படியில் காலடிச் சத்தம் அடங்கியதும் கதவைச் சாத்தினார்.

"இன்னா சார் இது?"

சாலை, ஊர், மாணவர் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"சரி. நடந்தது நடந்துபோச்சி. அந்தப் பொண்ணு வேணாம்னு சொன்னது அந்த வூட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா, திரும்ப சேத்துக்குவாங்க. அது சொல்லி அவங்க நம்பல. கேட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான். நாளைக்குக் காலைல ஜீப்பு எடுத்துக்கினு வரேன். அவங்க முன்னாடி நின்னு, அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லிச்சி, நான்தான் போட வச்சேன்னு நீங்க சொல்லணும். சொல்லுவீங்களா சார்?"

"சொல்றேன்."

"சொல்லுவீங்களா?"

"சொல்றேம்மா."

மறுநாள் ஜீப் வந்து வாசலில் ஹாரன் அடித்தபோது நான் படுத்திருந்தேன். மனைவியைப் போகச் சொன்னேன். "அவருக்கு பிரஷர் ஏறிடுச்சும்மா, தலை சுத்துதுங்கறாரு" என்று அவள் சொல்வது கேட்டது. எனக்கு ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். முப்பது வருடம் மாணவர்கள் எழுந்து நின்று வணங்கிய மனிதன், மலையில் ஒரு குடிசை வாசலில் கைகட்டி நின்று நான் பொய் சொன்னேன் என்று சொல்லவேண்டும். எனக்கு அது முடியவில்லை. அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

"சரிங்கம்மா. கொஞ்ச நேரம் இங்க உக்காந்து பாக்கறேன்" என்றது வெளியே குரல். மாவுக்கட்டுக் காலோடு வாசற்படியில் உட்கார்ந்தார். மனைவி காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள். இருவரும் ஏதோ பேசினார்கள். பிறகு கேட்டார்:

"அம்மா, இன்னொரு வாட்டி அவரைக் கேட்டுப் பாருங்களேன்."

மனைவி உள்ளே வந்து கட்டில் பக்கம் நின்றாள். "என்னங்க" என்றாள். கண்ணை மூடிக்கொண்டேன். சிறிது நேரம் கழித்து ஜீப் கிளம்பிப் போயிற்று.

மலையில் என்ன நடந்தது என்பதை ஜீப் ஓட்டிய பையன் மூலம்தான் தெரிந்துகொண்டேன். ஜீப் போகிற வரை போய், மீதி வழியை வீடியோக்காரம்மாவும் டோலியில்தான் போயிருக்கிறார். ஊர்க்காரர்கள் கூடியிருக்க, "அந்தப் பொண்ணு வேணாம்னுதான் சொல்லிச்சி. நான்தான் கேக்காம போட்டுட்டேன்" என்றிருக்கிறார். என் பேச்சே எடுக்கவில்லை. ஒருவர், "வூடு வூடா வந்து கேட்டியே, அதெல்லாம் நாடகமா?" என்று கத்தியிருக்கிறார். இவர் அவர்கள் எதிரிலேயே லேப்டாப்பைத் திறந்து, படம் முழுவதையும் அழித்துக் காட்டியிருக்கிறார். வேறு பிரதி வைத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பெண்ணை உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. கால் சரியான பிறகும் வீடியோக்காரம்மா மறுபடி மறுபடி மலையேறினார். முகூர்த்த மாதத்தில் கல்யாணங்களை விட்டுவிட்டுப் போனார். ஒருநாள் சேர்த்துக்கொண்டார்கள். அதன்பின், "இனிமே கேமராவத் தூக்கிக்கினு மலையேறாத" என்றார்கள். சரி என்று சொல்லி வந்துவிட்டார். ஒவ்வொருவர் வாசலிலும் நின்று கேட்ட ஒருவருக்கு, மலையில் கேக்காம போட்டவ என்று பெயராயிற்று.

சாலை பிறகு வந்தது. எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் போட்ட படத்தால் என்று நான் சொல்லிக்கொள்ள முயன்றேன். என் மாணவர் அதற்கு முன்பே வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார்.

வீடியோக்காரம்மா என்னிடம் பேசாமல் இல்லை. சின்னசேலத்துக் கல்யாணங்களில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களா சார்?" என்பார். என்னை மட்டும் படம் எடுக்காமல் கேமராவைத் திருப்பிக்கொள்வார். பின்னணி உரை எழுத என்னைக் கூப்பிடவேயில்லை. அதற்கடுத்த படங்களில் குரலே கிடையாது. நன்றாகத்தான் இருந்தன.

என் மனைவி சாவதற்கு முன் ஒருநாள், எந்தத் தொடர்பும் இல்லாமல், "அன்னிக்கு நீங்க எழுந்து போயிருக்கலாம்" என்றாள். எந்த நாள் என்று நான் கேட்கவில்லை.

இந்த மார்கழியில் இதையெல்லாம் எழுதினேன். எழுதியதை எடுத்துக்கொண்டு, திருநாவலூர் பக்கம் தன் தங்கை வீட்டில் இருக்கும் வீடியோக்காரம்மாவைப் பார்க்கப் போனேன். தலை நரைத்துவிட்டது. சட்டைப்பையில் இப்போதும் பேட்டரி. பஞ்சாயத்துத் தண்ணித்தொட்டி கழுவும் பெண்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். முழுவதையும் படித்துக் காட்டினேன்.

"இருக்கலாமாம்மா?"

"எம்பேரு வேணாம் சார்."

தங்கை காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடி கேட்டேன்.

"பேரு வேணாம். இது உங்க மூஞ்சி சார், என்னுது இல்ல." பிறகு கேட்டார்: "மலைக்குப் போயிட்டுத்தான வந்தீங்க?"

"இல்லம்மா. முதல்ல உன்கிட்ட..."

"எங்கிட்ட இன்னாத்துக்கு சார் மொதல்ல? போங்க. இப்பவே கெளம்புங்க."

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே போய் நின்றேன். இப்போது பஸ் அந்த ஊரின் ஓடைவரை போகிறது. அந்தப் பெண் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். வீட்டுக்குள் கூப்பிடவில்லை. வேலிப் பக்கம் நின்றபடியே எதற்கு வந்தேன் என்று சொன்னேன். முதலில் அவருக்கு மட்டும் தனியாகப் படித்துக் காட்டத் தொடங்கினேன். பாதி கேட்டுவிட்டு, "எனக்குத் தெரிஞ்சத எனக்கே இன்னாத்துக்கு சொல்றீங்க? உள்ள வந்து அவங்களுக்கு சொல்லுங்க" என்றார்.

உள்ளே மாமியார், கணவர், கணவரின் அண்ணன், கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மகள். நின்றுகொண்டே படித்தேன். பொய் சொன்ன இடத்தில் இன்று குரல் நடுங்கியது. முடித்ததும் கணவரின் அண்ணன் வெளியே போய் நின்றுகொண்டார். மாமியார் மட்டும், "அப்ப அந்தம்மா கேக்கச் சொல்லித்தான் அனுப்பிச்சா? அதுமேல பழியப் போட்டுக்கினு நாங்க எவ்ளோ பேசிட்டோம்" என்றார்.

"இருக்கலாமாம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

அவர் மகளைப் பார்த்தார். அவள் எழுந்து போய் வரக்காப்பி வைத்துக்கொண்டு வந்தாள். குடித்தேன். சாமை இந்த வருடம் கம்மி என்றார் கணவர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டாவது முறை கேட்டேன்.

"என் கொழந்த போனதப் பத்தி நீளமா எழுதியிருக்கீங்களே, அத எடுத்துடுங்க" என்றார். எடுத்துவிட்டேன். "நீங்க பொய் சொன்னது இருக்கட்டும்."

வாசல்வரை வந்தவர், "அந்தம்மாவ ஒரு வாட்டி வரச் சொல்லுங்க. கேமராவ எடுத்துக்கினே வரட்டும்" என்றார்.

ஓடைப்பக்கம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது வீடியோக்காரம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"ரெண்டு வாட்டி கேட்டீங்களா சார்?"

"ரெண்டு வாட்டியும் கேட்டேம்மா."

"சரிங்க சார்" என்றார். "நாளைக்கு நானே போயி, இன்னொரு வாட்டி நேர்ல கேட்டுக்கறேன்."